மூளைக் கட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோட்டில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவன் நான். மூளை அறுவை செய்பவன் இல்லை. ஆனால் தலைவலி, மயக்கம், வலிப்பு எதுவானாலும் முதலில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வருகிறார்கள். சேலமோ பெங்களூரோ போய் வந்த பிறகும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு, "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்" என்று திரும்ப இங்கேதான் வருகிறார்கள். அப்படிக் கேட்ட கேள்விகளும், நான் சொல்கிற பதில்களும் கீழே.

அடிக்கடி தலை நோவுகிறது. மூளையில் கட்டியாக இருக்குமோ?

பெரும்பாலும் இருக்காது. காலையிலிருந்து வெயிலில் தக்காளி பறித்துவிட்டு, தண்ணீரும் குடிக்காமல், மதியச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிட்டால் யாருக்கும் தலை வலிக்கும். ஒற்றைத் தலைவலி, கழுத்துத் தசை இறுக்கம், தூக்கக் குறைவு, கண்ணாடி மாற்ற வேண்டிய கண், அடங்காத பிபி என்று என்னிடம் வரும் தலைவலிகளில் மிகப் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும்.

வலியின் கடுமையை வைத்துக் கட்டியை ஊகிக்க முடியாது. சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு வலிப்பது பல நேரம் ஒற்றைத் தலைவலிதான். கட்டியால் வரும் வலி தொடக்கத்தில் சாதாரணமாகக்கூட இருக்கும். வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகும், பழகிய மாத்திரைக்கு அடங்காது. அதனால்தான் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதோடு, எப்போதிலிருந்து, முன்பிருந்ததற்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம் என்று துருவித் துருவிக் கேட்கிறோம்.

அப்படியானால் எந்தத் தலைவலியைக் கண்டு பயப்பட வேண்டும்?

மண்டையோட்டுக்குள் காலி இடம் கிடையாது. உள்ளே ஒரு கட்டி வளர்ந்தாலும், அதைச் சுற்றி வீங்கினாலும், மூளைநீர் போகும் வழி அடைபட்டாலும் அழுத்தம்தான் ஏறும். மூளைக்கு வலி தெரியாது. அதன் உறையும் ரத்தக் குழாய்களும்தான் வலியை உணரும். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது அழுத்தம் இன்னும் கூடுவதால், விடிகாலையில் வலியோடு எழுந்திருப்பார்கள். குமட்டல் அதிகம் இல்லாமலே வாந்தி வரும். வாந்தி எடுத்ததும் வலி கொஞ்சம் இறங்கும். இருமினால், முக்கினால், குனிந்து மாட்டுக்குத் தீவனம் போட்டால் வலி தூக்கும். எழுந்து நிற்கும்போது சில நொடிகள் கண் இருட்டும். இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தொடங்கும் தலைவலி, முன்பே மார்பகத்திலோ நுரையீரலிலோ புற்றுநோய் வந்தவருக்கு வரும் தலைவலி, தலைவலியோடு கை கால் மரத்துப்போவது அல்லது பேச்சுக் குழறுவது, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை.

வேறு இரண்டு நிலைகள் கட்டியைவிட அவசரமானவை. இடி விழுந்தது போல ஒரே கணத்தில் உச்சத்துக்குப் போகும் வலி மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலி மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் நாள் பார்க்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூளையில் கட்டி என்றாலே புற்றுநோய்தானே?

இல்லை. புற்று இல்லாத கட்டிகள் நிறைய இருக்கின்றன. மெதுவாக வளரும், பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவாது, முழுதாக எடுத்துவிட்டால் பலருக்குத் திரும்ப வராது. ஆனால் "புற்று இல்லை" என்றதும் சில வீடுகளில் ஃபைலைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. மார்பிலோ முதுகிலோ சாதுக் கட்டி இருந்தால் காலம் முழுக்கச் சுமந்துகொண்டு இருக்கலாம். மூளையில் அப்படி இல்லை. மூச்சையும் விழுங்குவதையும் நடத்தும் மூளைத்தண்டின் பக்கத்தில் சாதுக் கட்டி வளர்ந்தாலும் உயிருக்கு ஆபத்துதான். என்ன கட்டி, எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் அடுத்த பேச்சு.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அத்தனையும் நமக்கு வேண்டாம். இரண்டு பெரிய கூறுகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: மூளையிலும் அதைச் சுற்றியும் தானே தோன்றுபவை ஒன்று, நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், குடல், தோல் என்று வேறு இடத்துப் புற்று ரத்தத்தின் வழியே மூளைக்கு வந்து சேர்வது இன்னொன்று. பெரியவர்களிடம் இந்த இரண்டாவது வகை மிகச் சாதாரணம். சிலருக்கு நுரையீரலில் நோய் இருப்பதே மூளை ஸ்கேனுக்குப் பிறகுதான் தெரியவரும். அதனால் தலை ஸ்கேன் பார்த்த டாக்டர் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஸ்கேன் எழுதினால், "காசுக்காக எழுதுகிறார்" என்று நினைக்காதீர்கள்.

தானே தோன்றுபவற்றில் அதிகம் காணப்படுவது மெனிஞ்சியோமா. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் கிளம்புவது, பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் சாதுவானது. வேறு எதற்கோ, பைக்கிலிருந்து விழுந்ததற்கோ, ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படும் சின்ன மெனிஞ்சியோமாவை அறுவை செய்யாமல், குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டு வருவதும் உண்டு.

மூளை நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் கிளையல் செல்களிலிருந்து வருபவை கிளையோமா. ஆஸ்ட்ரோசைட்டோமா, ஆலிகோடென்ட்ரோகிளையோமா, எபென்டிமோமா எல்லாம் இந்தக் குடும்பம். இதில் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. மறைக்காமல் சொல்கிறேன்: 2005-இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 14.6 மாதங்களைத் தாண்டினார்கள். நாலில் ஒருவர் இரண்டு ஆண்டுகளைத் தாண்டினார். மாத்திரை இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களில் பத்தில் ஒருவர்தான் இரண்டு ஆண்டைத் தாண்டினார்.

மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் வரும் கட்டி தனிக் கதை. மாதவிடாய் நின்றுபோய், குழந்தை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால் பால் சுரப்பைத் தூண்டும் பிரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியா என்று பார்க்க வேண்டும். குழந்தை இல்லை என்று கோயில் கோயிலாக அலைந்தவர்களில் சிலருக்கு இதுதான் காரணமாக இருக்கும். பலருக்கு மாத்திரையிலேயே சுருங்கிவிடும், கத்தியே தேவைப்படாது. வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டி என்றால் மோதிரம் விரலில் இறுகும், செருப்பு அளவு ஏறிக்கொண்டே போகும், தாடை பெருக்கும். பத்து வருடம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. பழைய கல்யாண போட்டோவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பது நல்ல வழி.

கேட்கும் நரம்பின் உறையில் வருவது வெஸ்டிபுலர் ஷ்வானோமா. ஒரு காது மட்டும் மெல்ல மந்தமாகும், இரைச்சல் கேட்கும். எப்போதும் வலது காதில் போன் பேசியவர் கொஞ்ச நாளாக இடது காதுக்கு மாற்றிக்கொண்டாரா என்று கவனியுங்கள். வயதானால் காது மந்தமாவது இயல்பு, ஆனால் அது இரண்டு காதிலும் வரும்.

இது எத்தனையாவது ஸ்டேஜ்?

மூளையில் தோன்றும் கட்டிகளுக்குப் பொதுவாக ஸ்டேஜ் சொல்வதில்லை, கிரேடு சொல்வார்கள். 1 முதல் 4 வரை. 1 மெதுவானது, 4 வேகமானது. பழைய ரிப்போர்ட்டுகளில் ரோமன் எண்ணில் இருக்கும். இப்போது சாதாரண எண்ணிலேயே எழுதுகிறார்கள். கிரேடு 4 என்பதை "நாலாவது ஸ்டேஜ், உடம்பெல்லாம் பரவிவிட்டது" என்று உறவுக்காரர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. மூளையில் பிறக்கும் கட்டி உடம்பின் மற்ற பாகங்களுக்குப் போவது மிக அரிது.

தலைவலி இல்லாமலே கட்டி இருக்குமா?

இருக்கும். கட்டி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த இடத்து வேலைதான் முதலில் கெடும்.

சிறுமூளையில் வந்தால் நடை தள்ளாடும், கை குறி தவறும். குடிக்காத மனிதரை "குடிச்சிருக்கியா?" என்று வீட்டிலேயே கேட்கும் நிலை வரும். இடது பக்கத்தில் பேச்சுப் பகுதியை அழுத்தினால் சொல்ல நினைத்த வார்த்தை வாயில் வராது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயர் தெரியாமல் திணறுவார். பக்கவாட்டு மேல்பகுதி என்றால் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது, அல்லது தட்டில் இடது பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார். பிட்யூட்டரிக் கட்டி பார்வை நரம்பு குறுக்கே போகும் இடத்தை அழுத்தினால் இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போகும். நேரே பார்ப்பது நன்றாகத் தெரியும், ஆனால் வண்டி ஓட்டும்போது பக்கத்தில் மாடு வந்தது தெரியாது. இதைக் கண்புரை என்று நினைத்துக் கண் முகாமுக்குப் போனவர்களும் உண்டு.

கட்டி வலது பக்கம் இருந்தால் இடது கை கால் பலவீனமாகும், இடது பக்கம் இருந்தால் வலது. பக்கவாதம் நிமிடங்களில் தாக்கும். கட்டியால் வரும் பலவீனம் பெரும்பாலும் வாரக்கணக்கில் ஊர்ந்து வரும். முதலில் செருப்பு காலிலிருந்து நழுவும், அப்புறம் கால் இழுபடும். கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் இதுவும் திடீரென்று வரலாம்.

அமைதியான மனுஷன் திடீரென்று கத்துகிறார், சுத்தம் பார்ப்பதில்லை. காத்துக் கருப்பு என்கிறார்கள்.

மூளையின் முன்பகுதிதான் குணம், கூச்சம், நிதானம் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் ஆளே மாறிவிடுவார். எந்நேரமும் சும்மா உட்கார்ந்திருப்பார். இருந்த இடத்திலேயே சிறுநீர் போனாலும் கவலைப்பட மாட்டார். கணக்கில் புலியாக இருந்தவர் மாங்காய் மண்டியில் சில்லறை எண்ணத் தடுமாறுவார். நேர்த்திக்கடன் வைப்பதை நான் தடுக்கப் போவதில்லை. மந்திரிப்பதற்கும் தாயத்துக் கட்டுவதற்கும் ஓடுகிற அதே வாரத்தில் ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்பேன். நடு வயதுக்கு மேல் முதன்முறையாக மனநிலை மாறினால் மனநல மருத்துவர்களே தலை ஸ்கேன் கேட்பார்கள்.

இதுவரை வலிப்பே வந்ததில்லை, போன வாரம் ஒருமுறை வந்தது. காக்கா வலிப்பா, கட்டியா?

ஸ்கேன் எடுக்காமல் யாரும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு முதன்முதலாக வரும் வலிப்புக்குக் கட்டாயம் காரணம் தேட வேண்டும். மெதுவாக வளரும் கிளையோமாக்கள் பல நேரம் வேறு எந்தத் தொந்தரவும் தராமல் வலிப்பில்தான் வெளிப்படும். கீழே விழுந்து உடம்பு முழுக்க வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. ஒரு கை மட்டும் துடிப்பது, சில நொடிகள் வெறித்துப் பார்த்துக்கொண்டு வாயைச் சப்புவது, இல்லாத கருகல் வாடை அடிப்பது, இவையும் வலிப்பாக இருக்கலாம்.

வந்த நேரத்தில் இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நிற்கும். சாவி கைக்கு வருவதும் அந்த நேரமாக இருப்பதால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் கல், அடுப்பு இருந்தால் நகர்த்துங்கள், கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. கூட இருப்பவர் போனில் வீடியோ எடுத்து வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

குழந்தைகளுக்கும் வருமா?

வரும். குழந்தைகளின் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுக்கு அடுத்தபடி மூளைக் கட்டிகள்தான். சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா வேகமானது. அதே இடத்தில் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா கிரேடு 1, முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளையைப் "பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி" என்றும், பூச்சி என்றும், பித்தம் என்றும் சொல்லி மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் காலை வாந்தி, அதோடு நடையில் தள்ளாட்டம், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, புதிதாக வந்த மாறுகண், கையெழுத்துக் கெட்டுப்போவது இவற்றில் ஏதாவது இருந்தால் வயிற்றுக்கு வைத்தியம் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தலையைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் தலை மட்டும் வேகமாகப் பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ உடனே காட்டுங்கள்.

செல்போன், டவர், நம்ம ஊர் ஃபுளோரைடு தண்ணீர், இதனால் வருகிறதா?

செல்போன் அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் "காரணமாக இருக்கக்கூடும்" என்ற பட்டியலில் வைத்தது. அன்றிலிருந்து அந்தப் பயம் ஓய்வதில்லை. 2024-இல் அதே நிறுவனத்துக்காக அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது மூளைக் கட்டிக்கும் செல்போனுக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஃபுளோரைடு விஷயத்தில் இந்த இரண்டு மாவட்டத்துக்கும் பயப்படக் காரணம் இருக்கிறது. பல்லில் பழுப்பும், எலும்பில் விறைப்பும், முதுகு வளைந்த பெரியவர்களும் நம் கண் முன்னால் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு தண்ணீரால் மூளைக் கட்டி வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

உறுதியாகத் தெரிந்த காரணம், முன்பு தலைக்குக் கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சை. மிகச் சிலருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு. மற்றபடி பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று காட்ட முடியாது. எதைத் தின்றோம், யார் கண் பட்டது என்று நோயாளியைக் குடைய வேண்டாம்.

அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வருமா?

பெரும்பாலும் வராது, தொற்றவும் தொற்றாது. உடம்பில் நிறையக் காப்பி நிறத் திட்டுகளும் மென்மையான முடிச்சுகளும் குடும்பத்தில் பலருக்கு இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் போன்றவை அப்படித்தான் தெரியவரும்.

ஸ்கேனுக்கு முன்னால் டாக்டர் என்ன பார்க்கிறார்?

மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்பார். ஒரே கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டும்படி நடக்கச் சொல்வார். சுத்தியால் முட்டியைத் தட்டுவார், உள்ளங்காலைக் கீறுவார். இதெல்லாம் ஒப்புக்கு இல்லை; எந்தப் பக்கம், எந்தப் பகுதி என்பது இதிலேயே ஓரளவு பிடிபடும். கண் டாக்டரிடம் அனுப்பினால் மறக்காமல் போங்கள். கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு நுழையும் இடம் வீங்கியிருந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்ததும் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். செலவு கம்மி.

சிடி போதுமா, எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?

அவசரத்துக்கு சிடி. சில நிமிடத்தில் முடியும். ரத்தக்கசிவு, பெரிய கட்டி, மூளைநீர் தேக்கம் மூன்றையும் காட்டிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவிலும் எடுப்பார்கள். உலகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சிடி எடுத்தது 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டனில், மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண்ணுக்குத்தான். அதற்கு முன்பெல்லாம் மூளைக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள் என்றால் பாருங்கள்.

ஆனாலும் கட்டி என்று வந்துவிட்டால் எம்ஆர்ஐ வேண்டும், நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றியும் ஏற்றாமலும். சிறுமூளை, மூளைத்தண்டு, பிட்யூட்டரி போன்ற இடங்களில் சிடி கோட்டைவிடும் சின்னக் கட்டிகூட எம்ஆர்ஐயில் தெரியும். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. சாதாரண எம்ஆர்ஐ எடுத்துவிட்டு, "மருந்து ஏற்றாமல் எடுத்துவிட்டீர்களே" என்று அடுத்த டாக்டர் திரும்ப எழுதும்போது இரண்டாவது செலவு. முதலிலேயே சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஸ்கேன் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

அது பெரிய காந்தம். எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கொண்டை ஊசி, மெட்டி, அரைஞாண், கம்மல், சாவி, பர்ஸ், செல்போன் எல்லாம் வெளியே. தாலியைக் கழற்றத் தயங்கும் பெண்களுக்காக ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கோத்துக் கொண்டுபோங்கள், மாமியார்கள் சமாதானமாவார்கள். பேஸ்மேக்கர், காலில் வைத்த கம்பி, தகடு, கண்ணில் எப்போதாவது தெறித்த இரும்புத் தூள், பழைய குண்டடி எதுவானாலும் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வெல்டிங், லேத் வேலை செய்பவர்கள் ஓசூர்ப் பக்கம் ஏராளம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். மருந்து ஏற்றுவதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்ப்பார்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். தடதடவென்று சத்தம் வரும். காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள். மூச்சு முட்டுகிறது என்று பயந்தால் அழுத்துவதற்குக் கையில் ஒரு ரப்பர் உருண்டை தருவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், அதற்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். பிஸ்கட்கூடக் கூடாது.

ரிப்போர்ட்டில் "ரிங் என்ஹான்சிங் லீஷன்" என்று இருக்கிறது. கட்டி என்று அழுகிறார்கள்.

அழுவதற்கு முன் இதைப் படியுங்கள். மருந்து ஏற்றிய ஸ்கேனில் ஓரம் மட்டும் மோதிரம் போல ஒளிரும் ஒரு புள்ளி என்பதுதான் அதற்குப் பொருள். கிளையோபிளாஸ்டோமாவும் அப்படித் தெரியும், வேறு இடத்திலிருந்து வந்த புற்றும் அப்படித் தெரியும், சீழ்க்கட்டியும் அப்படித் தெரியும். ஆனால் நம் நாட்டில், வலிப்போடு வரும் இளவயதுக்காரரின் ஸ்கேனில் இது பல நேரம் பன்றி நாடாப்புழு முட்டையால் வந்த கட்டியாகவோ காசநோய்க் கட்டியாகவோ இருக்கும். இரண்டும் மருந்துக்குக் கட்டுப்படுபவை.

"நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு எப்படிப் பன்றிப் புழு?" என்று கோபப்படுவார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் புழு வருவது வேறு. அப்படிப் புழு இருக்கும் ஒருவரின் மலத்திலிருந்து முட்டைகள் மண், தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். போன முட்டையிலிருந்து பொரித்து வரும் புழுக்குஞ்சுதான் மூளைக்கு ஏறிக் கட்டியாகிறது. சைவமும் அசைவமும் இதில் ஒன்று.

எம்ஆர்ஐயில் அந்த வளையத்துக்குள் புழுவின் தலை ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தால் விஷயம் முடிந்தது. இல்லாவிட்டால் அளவு, எண்ணிக்கை, சுற்று வீக்கம், மற்ற அறிகுறிகள் எல்லாவற்றையும் வைத்துப் பார்ப்பார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதில் நிறைய ஆராய்ந்து, 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஒற்றைக் கட்டியை அறுவை செய்யாமல் எப்படி நிதானிப்பது என்று வழிமுறை கொடுத்திருக்கிறார்கள். வலிப்பு மாத்திரை கொடுத்து, சில மாதம் கழித்து ஸ்கேன் திரும்ப எடுத்தால் பலருக்குப் புள்ளி சுருங்கியோ மறைந்தோ போயிருக்கும். பெருத்திருந்தால் அப்போது வேறு வழி.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். புழு என்று கேள்விப்பட்டதும் மெடிக்கலில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். மூளையில் பல கட்டிகள் இருந்தால், அவற்றிலுள்ள புழுக்கள் ஒரே நேரத்தில் சாகும்போது வீக்கம் ஏறி ஆளையே சாய்த்துவிடும். கண்ணுக்குள் இருந்தால் பார்வை போகும்.

ரத்தப் பரிசோதனையில் தெரியாதா?

பொதுவாகத் தெரியாது. பிட்யூட்டரிக் கட்டிக்கு ஹார்மோன் அளவு பார்ப்பது முக்கியம். சில அரிய கட்டிகளுக்கு ரத்தத்தில் அடையாளம் கிடைக்கும். அவ்வளவுதான்.

ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டதே, திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி எதற்கு? கத்தி பட்டால் பரவும் என்கிறார்களே?

ஸ்கேன் ஊகம் சொல்கிறது, அதுவும் நல்ல ஊகம். பெயரைச் சொல்வது திசுதான். ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்றுக்கு கீமோ, இன்னொன்றுக்குச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது என்று வைத்தியமே தலைகீழாக மாறும். எடுக்க முடிகிற கட்டி என்றால் அறுவையிலேயே எடுத்து அனுப்புவார்கள். ஆழத்தில் இருந்தால் கணினி வழிகாட்ட, மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு ஊசியால் துணுக்கு எடுப்பார்கள். ரத்தக்கசிவு போன்ற ஆபத்து சிறிதளவு உண்டு, அதைக் கையெழுத்து வாங்கும்போதே விளக்குவார்கள். கத்தி பட்டதால் பரவியது என்று ஊரில் சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வேகமாக வளர்ந்துகொண்டிருந்த கிரேடு 4 கட்டிகள்.

திசு முடிவு வர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஐடிஎச், 1பி 19க்யூ, எம்ஜிஎம்டி என்று மரபணுச் சோதனைகள் எழுதினால் இன்னும் ஆகும். 2021 வகைப்பாட்டின்படி இவற்றில் முதல் இரண்டும் இல்லாமல் பல கிளையோமாக்களுக்குப் பெயரே வைக்க முடியாது. கேஐ 67 என்று ஒரு சதவீதம் இருந்தால் அது எத்தனை செல்கள் பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதன் அளவு.

ஊசி போட்ட இரண்டே நாளில் நன்றாகிவிட்டார். இனி எதற்கு ஆபரேஷன்?

இந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது. அது டெக்ஸாமெத்தசோன் ஊசியாக இருக்கும். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை வற்ற வைக்கும். தலைவலி போகும், இழுத்த கால் நடக்கும், பசி எடுக்கும். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. நன்றாகிவிட்டது என்று வீட்டோடு நின்றுவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது வயிறெரியும். இதைத் தானாக நிறுத்தவும் கூடாது, தானாக வாங்கித் தொடரவும் கூடாது. சர்க்கரை ஏறும், வயிற்றில் புண் வரும். மூளையில் வரும் லிம்போமா என்ற வகையில் இந்த மருந்தை பயாப்சிக்கு முன் கொடுத்தால் திசுவில் நோயே தெரியாமல் மறைந்துவிடும். அதனால் என்ன ஊசி, எப்போது போட்டது என்ற சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

முதலில் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று அனுப்புவார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்கள் அதிகம் போவது மனநலத்துக்கும் மூளை நரம்பு நோய்களுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அது ஓசூர் சாலையிலேயே இருக்கிறது, மத்திய அரசு நிறுவனம் என்பதால் எந்த மாநிலத்தவரும் போகலாம், தமிழ் பேசினால் சமாளித்துவிடலாம். வேலூர் சிஎம்சியில்தான் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். ஊத்தங்கரை, பர்கூர்ப் பக்கத்தவர்களுக்கு அது வசதி.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். கார்டு இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். மாநிலம் தாண்டிப் போவதானால் அந்த மருத்துவமனையில் நம் கார்டு செல்லுமா என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். படுக்கை கிடைத்த பிறகு கேட்டால் வீண் அலைச்சல்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

ஸ்கேன் ஃபிலிமும், படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோனால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஃபிலிமை மடிக்காதீர்கள், வெயிலில் பைக் டேங்க் மேல் வைக்காதீர்கள். சாப்பிடும் எல்லா மாத்திரையும் அட்டையோடு, சர்க்கரை, பிபி மாத்திரை உட்பட. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், அறுவைத் தேதியே அதைப் பொறுத்து மாறும். திசு எடுத்திருந்தால் அந்தத் திசு பதித்த மெழுகுக் கட்டையும் கண்ணாடிச் சில்லும் லேபிலிருந்து கேட்டு வாங்கலாம். அது உங்கள் உரிமை. முதல் அறிகுறி எந்த மாதம் தொடங்கியது, எது முதலில், எது பிறகு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோயாளியோடு தினமும் ஒரே வீட்டில் இருப்பவர் கூட வரட்டும். ஊரில் பெரிய மனிதர் என்று ஒருவரை அழைத்துப் போனால், அவருக்கு ராத்திரி எத்தனை முறை வாந்தி வந்தது என்று தெரியாது.

வலிப்பு மாத்திரையை மட்டும் பயண நாளிலும் ஒரு வேளைகூட விடாதீர்கள். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தாலும், அந்த மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் போடலாமா என்று முதல் நாளே போனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.